பின் சீட் இல்லாத கார்

நடந்தவற்றை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1. நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை, வாப்பா இருபத்துநான்கு வருடம் டிரைவராக இருந்த கட்டார் நாட்டு வீட்டிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திரும்பி வரும்படி கேட்டிருந்தார்கள்.
2. வாப்பா போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.
3. உம்மா அடுத்தடுத்து இரண்டு நாள் மீன் ஆணத்துக்கு உப்புப் போட மறந்தார்.
4. நான் வாப்பாவுக்காக ஒரு பந்தயத் தடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்தேன். ஆறு சுற்று, பக்கத்தில் பயிற்சியாளர், காருக்குள் கமரா.
5. மூன்று பேரும் நாட்டின் மறுகரைக்குப் போனோம்.
6. வாப்பா ஐந்து சுற்று ஓட்டினார். எல்லா வளைவிலும் ஹோர்ன் அடித்தார்.
7. ஆறாவது சுற்று வேண்டாம் என்று சொல்லி இறங்கியவர், காரைச் சுற்றி ஓடிப்போய் பயிற்சியாளரின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

கல்முனையில் நான் வேலை செய்யும் கராஜில் இன்றும் யாராவது கேட்கிறார்கள், அந்தக் கார் ஓட்டம் கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்று. கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காரின் வேகத்தை, அதன் எஞ்சினை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

நான் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்தவள். பழுதாகி வரும் வாகனத்துக்கு ஸ்கேனரைப் பொருத்தி, அது காட்டும் பிழையை வாசித்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கராஜில் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். வாகனம் கொண்டு வந்தவர் சொல்வதை முதலில் எழுத வேண்டும். ஸ்கேனர் சொல்வதை அதற்குக் கீழே எழுத வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் எந்தப் பாகத்திலும் கை வைக்கக்கூடாது. வாப்பாவின் விடயத்தில் முதல் வரியையே நான் எழுதவில்லை. அவரிடம் கேட்கவே இல்லை. என்ன பிழை என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

என் முடிவுக்குக் காரணம் ஒரு மஞ்சள் கார். வாப்பா வேலை செய்த வீட்டின் மூத்த மகனுடையது அது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வாப்பா அதைக் கழுவுவார், துடைப்பார், உறை போட்டு மூடுவார், காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். கேற்றுக்கு வெளியே அதை ஓட்ட அவருக்கு அனுமதி இருக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், என் வாப்பா ஓட்டும் கார் இதுதான் என்று வகுப்பு முழுவதுக்கும் காட்டினேன். லீவில் வரும்போதெல்லாம் மாமாமார் அந்தக் காரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். வாப்பா சிரிப்பார், ஓட்டினேன் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். அந்தச் சிரிப்பை நான் ஆசை என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அவரை மறுபடி அங்கே இழுப்பது அந்த ஆசைதான், அது ஒரு நாள் தீர்ந்தால் இங்கேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

உம்மாவுக்கு வாப்பா போகக்கூடாது. அதை அவர் வாப்பாவிடம் சொல்லமாட்டார், என்னிடம் சொல்வார்.

“இந்த மனிசனோட நான் இருந்த நாளைக் கூட்டிப் பாரு புள்ள. கலியாணம் முடிச்சி ரெண்டு வருசம். மறுகா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம். இப்ப வந்து ரெண்டு வருசம். எல்லாம் சேத்து ஆறு வருசம் வருமா?”

கூட்டிப் பார்த்தேன். ஆறுதான் வந்தது.

“இப்பதான் மீனுல எந்தத் துண்டு அவருக்கு விருப்பமெண்டு கண்டு புடிச்சிருக்கன்” என்றார் உம்மா. “அதுக்குள்ள திரும்பவும் போகப் போறாராமா?”

பதிவு செய்ததற்கான கடிதத்தை அச்செடுத்து வாப்பாவிடம் கொடுத்தபோது அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“ஸ்போர்ட்ஸ் காரா? நானா?”

“ஓம் வாப்பா. நீங்கதான் ஓட்டுவீங்க. ஆறு ரவுண்ட்.”

“எங்க போறதுக்கு?”

“ஒரு இடமும் போறதுக்கு இல்ல. சுத்தி வாறதுக்கு.”

உம்மா குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “சுத்தி வந்து வெளிக்கிட்ட இடத்துக்கே வாறதுக்கு அந்தத் தூரம் போகணுமா? நம்மட மார்க்கட்டச் சுத்தி ஆறு தரம் வந்தாக் காணாதா?”

“மார்க்கட்டைச் சுத்த ஒரு நாள் போகும்” என்றார் வாப்பா. எங்கள் மார்க்கட் நெரிசலை அவர் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பிடிக்கும்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் போய், உம்மாவின் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். வாப்பாவின் பையை நான் தூக்கினேன். ஜன்னல் பக்கத்து சீட்டை உம்மா அவருக்கு விட்டுக் கொடுத்தார். இறங்கும் இடங்களில் தேத்தண்ணி வாங்க நான் போனேன். “நான் வாங்கிட்டு வாறன்” என்று அவர் எழும்பும்போதெல்லாம் “நீங்க இருங்க வாப்பா” என்றேன். அதில் எனக்கு ஒரு பிழையும் அப்போது தெரியவில்லை.

தடத்துக்கு வாப்பா தன் டிரைவர் உத்தியோகச் சட்டையில் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை. கார் சிவப்பு. இரண்டே சீட்டு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். பயிற்சியாளர் முப்பது வயது மதிக்கத்தக்கவர், கண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் கதைத்தார். எப்படி உட்கார வேண்டும், எந்தக் கூம்பு வரைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடாது, எங்கே வளைவின் உள்விளிம்பைத் தொட வேண்டும் என்று அவர் படம் போட்டு விளக்கினார். அதை நான் கொப்பியில் எழுதினேன். வாப்பா எழுதவில்லை. காரைச் சுற்றி நடந்து நாலு டயரையும் குனிந்து பார்த்தார். முன்பக்கம் பறவை எச்சம் ஒன்று காய்ந்திருந்தது. காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தார்.

“அங்கிள், அது நாங்க பாத்துக்குவோம்.”

“பரவால்ல தம்பி. இப்பிடியே விட்டா பெயின்ட் போயிரும்.”

தலைக்கவசம் போட்டதும் வாப்பாவின் கன்னம் இரண்டும் அமுங்கி, மீசை மேலே ஏறிவிட்டது. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இந்த முகத்தை நான் கலியாண வீட்டில பாத்திருந்தா ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டன்.”

நாங்கள் இருவரும் கம்பி வேலிக்குப் பின்னால் நின்றோம். வேலியடியில் நின்றவர்கள் எல்லோரும் கார் வெடித்துக் கிளம்பும் என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். வாப்பா கிளம்பினார். எங்கள் வீதியில் ஜனாஸா ஊர்வலம் போகும்போது பின்னால் போகும் வாகனத்தைப் போல, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஒழுங்காக. தடத்தின் இடது கரையை விட்டு விலகவில்லை. வளைவுக்கு முன்னால் சிக்னல் போட்டார். வளைவில் ஹோர்ன் அடித்தார். அந்தக் காருக்கு இருந்த ஹோர்ன், காருக்குப் பொருந்தாத மெல்லிய சத்தம். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. உம்மா மட்டும் அவர்களைத் திரும்பிப் பார்த்து, “அவர் இருபத்திநாலு வருசத்தில ஒரு கீறல் வச்சவரில்ல” என்றார். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஸொரி ஆன்ட்டி” என்றார்கள்.

ஐந்தாவது சுற்றின் நேர்ப்பாதையில் மட்டும் கார் ஒருதரம் கத்தியது. எங்கள் முன்னால் ஒரு சிவப்புக் கோடு போய் மறைந்தது. உம்மா வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கார் மறுபடி பழைய நடைக்கு வந்து, தடத்தை விட்டு உள்ளே திரும்பி நின்றது. ஒரு சுற்று மிச்சம் இருந்தது. வாப்பா இறங்கி, தலைக்கவசத்தோடேயே மற்றப் பக்கம் ஓடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சியாளர் ஒரு கணம் உள்ளேயே இருந்துவிட்டார். தனக்கு யாரும் அப்படிக் கதவு திறந்ததில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார். உம்மா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும் அவருக்கும் பங்கு போனது.

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன். “எப்பிடி வாப்பா? அந்த மஞ்சள் கார் மாதிரி இருந்திச்சா?”

“அது இதைவிடச் சத்தம் கூட” என்றார். “காலம்பொற அதை ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கிறது பெரிய கரச்சல் மகள். புகை மணம் சட்டையில புடிச்சிரும். திரும்ப மாத்திட்டுத்தான் அந்த வீட்டுப் புள்ளைகள ஏத்தப் போகணும்.”

“அப்ப ஏன் அதுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்தீங்க?”

“உங்கட உம்மாதான் கேட்டா. ஒரு நல்ல இடமாப் பாத்து நிண்டு எடுத்து அனுப்புங்க எண்டு. அந்த வீட்டில வெயில் படாத இடம் அது ஒண்டுதான்.”

உம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கொப்பியை மூடினேன். பதினெட்டு வருடமாக நான் வைத்திருந்த முடிவு ஒரு நிமிடத்தில் போய்விட்டது. வாப்பா அந்தக் காரை ஒரு நாளும் விரும்பவில்லை. அப்படியென்றால் அவர் எதற்காகத் திரும்பிப் போக நினைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் போவதற்கும் இருப்பதற்கும் நடுவில் நான் கொண்டுபோய் வைத்தது ஒரு சிவப்புக் காரும் வெட்கமும்தான் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

கமராவில் பதிவானதை அவர்கள் ஒரு சிறிய மெமரி ஸ்டிக்கில் போட்டுத் தந்திருந்தார்கள். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போன பிறகு, மடிக்கணினியில் போட்டு நானும் உம்மாவும் பார்த்தோம். சரியாகச் சொன்னால் அன்றும் வாப்பாவை நான்தான் எங்கள் வீட்டுக் காரில் கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

படத்தில் வாப்பாவின் முகமும் பயிற்சியாளரின் தோளும் தெரிந்தன. எஞ்சின் சத்தத்துக்கு மேலாகப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“அங்கிள், ஹோர்ன் தேவையில்ல. முன்னால யாரும் இல்ல.”

“வளைவு தம்பி. வளைஞ்சு கிறுகக்க அங்கால மாடு நிண்டா?”

“இங்க மாடு இல்ல அங்கிள்.”

“ஆடு?”

“ஆடும் இல்ல.”

உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டாம் சுற்றில் பயிற்சியாளர், கூம்பு வரைக்கும் அழுத்திப் போய்ச் சட்டென்று பிரேக் பிடிக்கச் சொன்னார். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பிடிப் புடிச்சா தலை முன்னுக்குப் போய் அடிபடும் தம்பி” என்றார். “யாரோட தலை அங்கிள்?” என்று அவர் கேட்டார். வாப்பா மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

மூன்றாம் சுற்றில் பயிற்சியாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். “ஒவ்வொரு வளைவிலயும் அந்தக் கண்ணாடியப் பாக்கிறீங்களே, பின்னால எஞ்சின்தானே இருக்கு?”

வாப்பா சிரித்தார். “பழக்கம் தம்பி. கட்டார்ல நான் ஓட்டின வீட்டில நாலு புள்ளைகள், மறுகா அவங்கட புள்ளைகள். பள்ளிக்குப் போகக்க சண்டை புடிப்பாங்க, வரக்க நித்திரை. நித்திரைப் புள்ள சரிஞ்சா கண்ணாடியிலதான் தெரியும். அப்ப மெதுவா எடுக்கணும்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“ஒரே மகள். அந்தா நிக்கிறா, கையில கொப்பியோட. கெட்டிக்காரி. ஸ்கேனர் வச்சி வாகனத்துக்கு வைத்தியம் பாக்கிறா.” ஒரு ஹோர்ன் அடித்துவிட்டு, “அவவ ஒரு நாளும் நான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடல்ல” என்றார். “இப்ப அவதான் என்னைக் கொண்டுபோய் விடுறா.”

உம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

நான்காம் சுற்றில் பயிற்சியாளர், திரும்பிப் போவீர்களா என்று கேட்டார். பிறத்தியார் என்பதால்தான் கேட்க முடிந்தது, பிறத்தியார் என்பதால்தான் வாப்பாவும் சொன்னார்.

“கூப்பிடுறாங்க. போக ஆசையெண்டு இல்ல தம்பி, முதுகு நோவுது. ஆனா அங்க விடியக்க அஞ்சு மணிக்கு ஆராவது என்னைத் தேடுவாங்க. இஞ்ச கதிரை போட்டுத் தருவாங்க. மீன் தலை எனக்கு. நல்ல கோப்பை எனக்கு. ஒரு சாமான் வாங்க என்னை அனுப்ப மாட்டாங்க. லீவில வந்த ஆளப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறாங்க. பாவம், அன்பாலதான் செய்றாங்க. ஆனா ரெண்டு வருசமா எனக்கு லீவு முடியல்ல.”

ஐந்தாம் சுற்றின் நேர்ப்பாதை வந்தபோது பயிற்சியாளர் சொன்னார். “அங்கிள், இப்ப பின்னால யாரும் நித்திரையில்ல. எனக்காக ஒருக்கா.” வாப்பா பிஸ்மி சொல்லி அழுத்தினார். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிறகு காலை எடுத்துவிட்டு, “நல்ல வண்டி” என்றார். “அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனா நோயாளியப் படுக்க வைக்க இடமில்ல. போதும் தம்பி.”

நான் படத்தை நிறுத்தினேன். உம்மா எழும்பிப்போய், அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு திரும்பி வந்து, “மீன் தலை அவருக்கு விருப்பமெண்டுதானே நான் வச்சன்” என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் வெளிநாட்டில் இருந்து லீவில் வருபவரை எப்படி வைத்துக்கொள்வோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதம்தான் இருப்பார் என்பதால் அவரைக் கையில் ஏந்துவோம். வீட்டுப் பிரச்சினை ஒன்றையும் காதில் போடமாட்டோம். கடைக்கு அனுப்பமாட்டோம். எங்கள் வீட்டில் இருபத்துநான்கு வருடம் அதைச் செய்து பழகி, அவர் ஒரேயடியாக வந்த பிறகும் நிறுத்த மறந்துவிட்டோம். குசினிச் சுவரில் நான் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். தண்ணீர் பில், உம்மா கிளினிக் போகும் நாள், காருக்கு எஞ்சின் ஒயில் மாற்றும் நாள், எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே என் பெயரின் முதல் எழுத்துத்தான்.

சனிக்கிழமை காலை வாப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். உம்மா வாசலில் வந்து நின்றார். “இஞ்ச பாருங்க, அடுப்புக்கு கேஸ் முடிஞ்சிட்டு. போய் எடுத்துக்கிட்டு வாங்க.”

என் வாய் தானாகத் திறந்தது. “நான் போறன் உம்…”

உம்மா பார்த்த பார்வையில் மிச்ச எழுத்தை விழுங்கினேன்.

வாப்பா பேப்பரை மடித்தார். “எந்தக் கடையில எடுக்கிற?”

“கேட்டுப் பாத்து எடுங்க. ஊரில வாய் இல்லாமலா இரிக்கிறீங்க?”

பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தார். கேஸோடு, இரண்டு பேரின் கலியாணச் செய்தியும், பாண்டிருப்புப் பக்கம் நல்ல கீரை விற்கும் ஒருவரின் விபரமும், கொஞ்சம் பழுத்துப்போன தக்காளியும் வந்தன. உம்மா தக்காளியைப் பார்த்து ஏசினார். இரண்டு வருடத்தில் அவர் வாப்பாவை ஏசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாப்பா, “விலை குறைச்சுத் தந்தான்” என்று எதிர்வாதம் செய்தார். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நடந்தது. நான் அறைக்குள் இருந்து கேட்டேன், வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் இலகுவாகப் போகவில்லை. கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு நான் பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கியது எனக்குச் சிரமமாக இருந்தது. மூன்றாம் நாள் வாப்பா, “பஸ்ஸில ஏன் போறீங்க? ஏறுங்க” என்றார். பக்கத்து சீட்டில் ஏறப் போனேன். பின்னால் ஏறும்படி சொன்னார். அங்கே சாமான் இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். இருபத்தேழு வயதில், கராஜ் வாசலில், பின் சீட்டில் இருந்து இறங்கினேன். வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். “மேடம் வந்திட்டாங்க, ரெட் காப்பட் எங்க?” என்று ஒருவர் கத்தினார். அவர் அதை இன்னும் விடவில்லை.

என் வெள்ளைப் பலகையும் கெட்டுவிட்டது. வாப்பா தன் வேலைகளை எழுதமாட்டார், செய்த பிறகு சொல்லவும் மாட்டார். ஒரே பில்லை இருவரும் கட்டப் போயிருக்கிறோம். காருக்கு ஒயில் மாற்றும் நாளை நான் எழுதி வைத்தால், அதற்கு முந்தின நாளே அவர் மாற்றிவிட்டு வருகிறார், அதுவும் எனக்கு விருப்பமில்லாத ஒயில். நான் பிரேக் பிடிக்கும் விதம் சரியில்லை என்கிறார். இவையெல்லாம் எனக்கு எரிச்சல்தான். எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம் வரும்.

ஆகவே பெறுமதியா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். வேகத்துக்காக என்றால் எங்கள் வீட்டுக்கு அது பெறுமதியில்லை, ஒரே ஒரு நேர்ப்பாதைதான் கிடைத்தது. வாப்பாவை ஒரு அந்நியரோடு அரை மணித்தியாலம் தனியாக இருத்திவைத்து, அவர் சொன்னதை எங்கள் காதில் போட வேறு வழி இருந்திருக்கும். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த வழியில் போனேன். நான் பார்த்த பிழை பிழையே இல்லை என்பதும் அங்கே போனதால்தான் தெரிந்தது.

இப்போதைய நிலை இது. குரல் பதிவுக்கு வாப்பா அரபியில் பதில் அனுப்பிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று உம்மா நேரடியாகவே கேட்டார். “இந்த வருசம் இல்ல எண்டு சொன்னன்” என்றார் வாப்பா. அடுத்த வருடத்தைப் பற்றி உம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் உம்மாவை நிந்தவூரில் இருக்கும் அவரின் தங்கச்சி, என் சாச்சியின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். உம்மா பக்கத்து சீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். வாப்பாவின் கடவுச்சீட்டு இன்னும் மூன்று மாதத்தில் காலாவதியாகிறது. புதுப்பிக்கும் படிவத்தை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எடுத்து வரவில்லை.